தஞ்சாவூர்க்காரி நட்ட அரை அர்பான் நெல்

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவளுக்கு நெல்லைப் பற்றி எல்லாம் தெரியும் என்று மொரிஷியஸில் ஒரு ஊரே நம்பிவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை என்று இன்றைக்கும் சொல்லுவேன். நான் பிறந்தது கும்பகோணத்தில், பாத்திரக்கடைக்காரர் மகளாக. நெல் வயலை நான் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான். பச்சையாக இருந்தால் பயிர், மஞ்சளாக இருந்தால் அறுவடை. அதற்கு மேல் அங்கே என்ன நடக்கிறது என்று நான் ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை. குடத்தை ஒரு தட்டு தட்டி அது எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லச் சொல்லுங்கள், சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் தமிழ் வாத்தியார். எண்பதுகளில் அவருக்கு மொரிஷியஸில் வேலை கிடைத்து, ரிவியேர் டு ராம்பார் பக்கத்தில் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியேறினோம். பகலில் அவருக்குப் பள்ளிக்கூடம், சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு. ஊரில் தமிழர்கள் நிறைய. ஆனால் வீட்டில் பேசுவது பிரெஞ்சு கலந்த கிரியோல்தான். தமிழ் சாமி பாட்டில் இருந்தது, கல்யாணப் பத்திரிகையில் இருந்தது. நாள் முழுக்க என்னோடு தமிழில் சண்டை போட அந்த ஊரில் அவர் ஒருத்தர்தான் இருந்தார், பாவம்.

அவருடைய வகுப்பில் முதல் வரிசையில் உட்காருபவர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவர். எட்டு வருஷமாகக் காலர் மட்டும். கையை ஒருத்தி தைப்பாள், பொத்தானை ஒருத்தி வைப்பாள். "முழுச் சட்டையை நான் கடையில்தான் காண்கிறேன், மதாம்" என்பார். புத்தகத்தில் படித்த தமிழ் ஆகையால் அக்கா வாயைத் திறந்தால் அச்சடித்த வாக்கியம்தான் வரும். "மதாம், இன்று தாங்கள் என்ன குழம்பு சமைத்தீர்கள்?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து முதல்முறை கேட்டபோது, ராஜா நாடகத்துக்குள் நுழைந்துவிட்ட மாதிரி எனக்கு இருந்தது. "வத்தக்குழம்பு" என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

அக்காவுக்கு ஒரு நிலம் இருந்தது. அரை அர்பான், நம் கணக்கில் ஏறக்குறைய அரை ஏக்கர். அப்பா விட்டுப்போனது, அக்காவுக்கும் தம்பிக்கும் பொது. தம்பி கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வெள்ளைக்காரர்களை வேனில் ஏற்றி இறக்குகிறவர். நிலத்தை விற்றுச் சொந்தமாக ஒரு வேன் வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வீடு கட்டி வாடகைக்கு விட ஒரு ஆள் நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா போடாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். அந்த வருஷம் விவசாய அலுவலகத்தில், கரும்பை விட்டு வேறு எதையாவது போட்டுப் பாருங்கள் என்று நெல் விதையைச் சும்மா கொடுத்தார்கள். அக்கா ஒரு மூட்டையை வாங்கி வந்து தம்பியிடம் சொல்லிவிட்டார்: வருகிற தைப்பொங்கலுக்கு இந்த நிலத்து அரிசியில் பொங்கல் வைப்பேன், வைக்க முடியாவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுச் சரி என்றார். அந்தச் சிரிப்புக்காகவே எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போனது.

மறுநாள் அக்கா வேலியருகே வந்தார். "மதாம், தாங்கள் தஞ்சாவூர். நெல்லை எப்பொழுது விதைக்க வேண்டும்?"

எனக்குத் தெரியாது என்று ஒரு தலையாட்டல் போதும். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் காவேரியே என் வீட்டுக் கொல்லையில் ஓடுகிறது. வாய் தானாகச் சொன்னது: "ஆடிப் பெருக்கு அன்னிக்கு, அக்கா. அதைவிட நல்ல நாள் உண்டா?"

உள்ளே வந்ததும் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்கப்பா வித்தது அண்டா குண்டான்!"

"அண்டாவுல சோறுதானே வடிக்கிறாங்க" என்றேன். விட்டுக்கொடுக்கிற பழக்கம் எனக்கு அப்போதும் கிடையாது.

ஆடி பதினெட்டு அன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிலத்துக்குப் போனோம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பூமத்திய ரேகைக்குக் கீழே காலம் தலைகீழ் என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கையில் பஞ்சாங்கம் இருக்கும்போது பூகோளம் யாருக்கு ஞாபகம் வருகிறது? நம் ஊரில் புதுவெள்ளம் வருகிற ஆடி, அங்கே குளிர்காலம். அதற்குப் பிறகு நான்கு மாதம் வானம் சொட்டாது. அலுவலகத்திலும் மழை வந்தபிறகு போடுங்கள் என்றுதான் சொன்னார்களாம். தஞ்சாவூரே நாள் குறித்த பிறகு அலுவலகம் எதற்கு என்று அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மழைக்குக் காத்திருந்தால் பொங்கலுக்குள் கதிர் வராது என்பதும் உண்மைதான். ஆற்றங்கரைக்குப் பதில் பம்பு ஷெட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சித்ரான்னம் படைத்து, நாற்றங்காலில் விதையைத் தூவினோம்.

அந்த பம்புதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். ஆழ்துளைக் கிணறு ஒன்று. அதைச் சுற்றி எட்டு நிலம். வாரத்தில் ஆளுக்கு அரை நாள் தண்ணீர் முறை. அக்காவின் முறை செவ்வாய்க்கிழமை. அன்று அக்காவுக்குத் தொழிற்சாலை. வெளிநாட்டு ஆர்டர் நெருக்குகிறது, லீவு கிடையாது. ஆகவே செவ்வாய்க்கிழமைதோறும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடை திறப்பது என் வேலையாயிற்று. நாற்று நட்டபிறகு, "நெல்லுன்னா கணுக்கால் அளவு தண்ணி நிக்கணும்" என்று அக்காவிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தபோது அப்படித்தான் நின்றது.

இங்கே நிற்கவில்லை. எங்கள் பக்கம் களிமண், ஊற்றினால் ஊற்றின இடத்தில் கிடக்கும். இது எரிமலை மண், உள்ளே கல்லும் ஓட்டையும். அரை நாள் விட்டால் சாயங்காலம் பாதம் நனைகிற அளவு நிற்கும். புதன்கிழமை காலையில் சேறு. வியாழக்கிழமை அதுவும் இல்லை. நான் சித்தப்பாவுக்குக் கடிதம் போட்டேன். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் அவர் நிஜமாகவே நெல் போடுகிறவர். என் கடிதம் போக மூன்று வாரம், அவர் பதில் வர மூன்று வாரம். முன்பே நாற்றங்காலைப் பற்றிக் கேட்டிருந்ததற்கான பதில், நட்டு முடித்துப் பயிர் வேர் பிடித்த பிறகு வந்தது. "நாற்றைப் பிடுங்க இன்னும் அவசரப்படாதே" என்று எழுதியிருந்தார்.

அக்டோபரில் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. முன்பெல்லாம் நவம்பரில் தவறாமல் மழை பிடித்துக்கொள்ளும் என்றும், இப்போது மழைக்கே நாள் தெரியவில்லை என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள். பம்பை நாளுக்கு நான்கு மணி நேரம்தான் ஓட்டுவது என்று முடிவாயிற்று. அரை நாள் முறை இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. வயலில் வெடிப்பு விட்டது. தை மாதத்துக்கு மூன்று மாதம்கூட இல்லை. நான் குறித்த நாள், நான் சொன்ன கணுக்கால் தண்ணீர். நிலம் போனால் என்னால் போனது.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் இரண்டு மணி நேரம் முடிந்தது. நான் மடையை அடைக்கவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்த மாதிரி நின்றேன். எங்களுக்கு அடுத்த முறை தக்காளிக்காரருடையது. பக்கத்து நிலத்தில் தக்காளி போடுகிற மனிதர். ஐம்பது வயது, ஆறடி, நெற்றியில் விபூதி, வாயில் ஒரு சொல் தமிழ் கிடையாது. வாய்க்கால் காய்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"திலோ! மோ திலோ!" என்று மார்பில் தட்டிக்கொண்டு கத்தினார். என் தண்ணீர், என் தண்ணீர் என்கிறார்.

"ஏன் இப்படிக் கத்துறீங்க? பச்சப் புள்ளை மாதிரி வளத்த பயிரு கருகுது, கண்ணு தெரியலையா? உங்க தக்காளி ஒரு நாள் குடிக்கலன்னா குடியா முழுகிடும்?"

அவர் கிரியோலில் என் குலத்தையே இழுத்தார் என்று நினைக்கிறேன். நானும் கும்பகோணம் கடைத்தெருவில் கற்றதையெல்லாம் எடுத்து விட்டேன். ஒருவர் சொன்னது ஒருவருக்குப் புரியவில்லை. அதனால் சண்டை நன்றாக நீண்டது. கடைசியில் அவர் மடையைக் காலால் மிதித்து அடைத்தார். நான் மண்வெட்டியை ஓங்கித் தரையில் போட்டேன். அது கல்லில் பட்டுக் காம்பு முறிந்தது. அது அவருடைய மண்வெட்டி. எங்களிடம் இல்லாததால் அக்கா அவரிடம்தான் இரவல் வாங்கி வைத்திருந்தார்.

சாயங்காலம் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கும்போதே விஷயம் காதுக்குப் போய்விட்டது. நான் வேலியருகே போய் அழுதேவிட்டேன். "அக்கா, எனக்கு நெல்லைப் பத்தி ஒரு எழவும் தெரியாது. எங்கப்பா வெச்சிருந்தது பாத்திரக்கடை. உங்க நிலத்தை நான் பாழாக்கிட்டேன்."

அக்கா கைப்பையைத் தோளில் மாற்றிக்கொண்டார். "நான் அறிவேன், மதாம். நாற்றங்காலில் களை எடுத்தபோது தாங்கள் புல்லை விட்டுவிட்டு நெல்லைப் பிடுங்கினீர்கள்."

"அடக் கடவுளே! அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"தாங்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தீர்கள்" என்றார்.

அதற்கப்புறம் எனக்கு அழுகை நின்றுவிட்டது. வெட்கத்தில் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

அந்த வாரம் சித்தப்பா கடிதம் வந்தது. மண்ணில் தண்ணீர் நிற்கவில்லை என்று நான் புலம்பியதற்குப் பதில். பிரித்துப் படித்தால், இங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்டிருந்தார். அணை திறக்கத் தாமதமாம், கடைமடைக்குத் தண்ணீர் எட்டவே இல்லையாம், காவேரி மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்களாம். மூன்று மாதமாக நான் பெருமையடித்த காவேரி! "நாங்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத்தான் விடுகிறோம்" என்று எழுதியிருந்தார். "தண்ணீர் கட்டிவைக்காதே. வடியட்டும், மேல்மண் மயிரிழை வெடிக்கட்டும், பிறகு பாய்ச்சு. அடிமண்ணில் ஈரம் இருக்கும்வரை பயிர் சாகாது, வேர்தான் ஆழம் போகும். பூக்கும்போது மட்டும் காயவிட்டால் பதர்தான் மிஞ்சும், ஜாக்கிரதை."

அடிமண்ணில் ஈரம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் விரலை விட்டுப் பார்த்தேன். நகம் உடைந்ததுதான் மிச்சம். அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தொழிற்சாலையிலிருந்து நான்கு பிளாஸ்டிக் குழாய்களைக் கொண்டுவந்தார். சாயம் போட நூல் சுற்றுகிற குழாய். ஒரு சாண் நீளம், உடம்பெல்லாம் பொத்தல், தூக்கி எறிந்தவை. நீலச் சாயம் ஊறிப்போயிருந்தது. இரண்டிரண்டாக ஒட்டி, வயலின் இரண்டு மூலையில் நட்டு, உள்ளேயிருந்த மண்ணைத் தோண்டி எடுத்தார். மறுநாள் குனிந்து பார்த்தால், மேலே வயல் காய்ந்து வெடித்திருக்கிறது, குழாய்க்குள்ளே ஒரு சாண் கீழே தண்ணீர் பளபள என்று நிற்கிறது. நான் தெருவுக்குக் கேட்கும்படி கூவிவிட்டேன். வேரும் அதைக் குடித்துக்கொண்டுதானே இருந்திருக்கும்! இதைத் தெரியாமலா ஒரு மனிதருடைய மண்வெட்டியை உடைத்தேன்?

புது மண்வெட்டியோடு அக்கா என்னைத் தக்காளிக்காரரிடம் அழைத்துப்போனார். அவர் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா கிரியோலில் பேசி, வயலுக்கு இழுத்துவந்து குழாயைக் காட்டினார். ஒப்பந்தம் இதுதான்: குழாயில் ஒரு சாணுக்குள் தண்ணீர் தெரிந்தால் அந்த வாரம் எங்கள் இரண்டு மணி நேரமும் அவருக்கு. எங்கள் நெல் பூக்கிற இரண்டு வாரம் அவருடைய முறையும் எங்களுக்கு. அவர் மண்டியிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாய்க்குள் பார்த்தார். பிறகு அடுத்த குழாய்க்குப் போய் அதிலும் பார்த்தார். ஒப்பந்தத்துக்குச் சரி என்றார், என் பக்கம் திரும்பாமலே.

அன்றிலிருந்து அந்தக் குழாய்கள் அவர் சொத்தாகிவிட்டன. விடிந்ததும் வந்து பார்ப்பார், மத்தியானம் வந்து பார்ப்பார். தண்ணீர் தெரிந்தால் வரப்பில் நின்று "எனா திலோ!" என்று ஊருக்கே அறிவிப்பார். தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம், இருந்தால் அவருக்கல்லவா லாபம்! மூன்று வாரம் எங்கள் முறையை அவர் எடுத்துக்கொண்டார். அவர் தக்காளி தளதளவென்று காய்த்தது. எங்கள் நெல்லும் சாகவில்லை. நான் கணுக்கால் தண்ணீர் கட்டப் பாடுபட்ட மேல்மூலையைவிட, தண்ணீர் எட்டாத கீழ்மூலைதான் தூர் கட்டி நின்றது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் கடைசியில் நெல் பூத்தது. மழை வரவில்லை. தக்காளிக்காரருக்கு அப்போதுதான் அடுத்த ஈடு காய் பிடிக்கிற நேரம். குழாய் இரண்டும் வறண்டு கிடந்தன. வார்த்தையைக் காப்பாற்றுவாரா என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பொங்கல் பானையும் கையெழுத்தும் அந்த ஒரு மனிதரின் மடையில் இருந்தன. அவருடைய நேரம் வந்தது. மனிதர் வந்தார், மண்வெட்டியை எடுத்தார், திட்டிக்கொண்டே தன் வாய்க்காலை அடைத்து எங்கள் மடையைத் திறந்தார். தண்ணீரைத் திட்டினார், தக்காளியைத் திட்டினார், என்னைப் பார்த்து ஏதோ நீளமாகத் திட்டினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் தோட்டத்தில் இரண்டு வரிசை வாடிப்போனது. அதற்கும் திட்டினார், ஆனால் மறுவாரமும் திறந்தார்.

கதிர் முற்றியதும் குருவிகள். தீவிலேயே நெல் இந்த ஒரு இடத்தில்தான் என்று அவற்றுக்கு யார் சொன்னார்களோ! பள்ளிக்கூடம் லீவாகையால் வீட்டுக்காரரைத் தகர டின்னோடு வரப்பில் நிறுத்தினேன். அவர் டின்னைத் தட்டி வெட்கப்பட்டு, பிறகு இலக்கணப் பாடத்தை உரக்கச் சொன்னார். குருவி பறந்தது. "வகுப்புல புள்ளைங்களுக்கும் இப்படித்தான் இருக்குமோ?" என்று கேட்டேன். அவர் டின்னை இன்னும் பலமாகத் தட்டினார்.

ஜனவரி முதல் வாரம் அறுத்தோம். ஒன்றரை மூட்டை நெல். ஒன்றரை மூட்டைதான், ஆனால் நெல்! ஆடிக்கொண்டே வீட்டுக்கு வந்து மூட்டையை இறக்கிய பிறகுதான், அக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நெல்லை அரிசியாக்க மில் வேண்டுமே? கப்பலில் அரிசி வந்து இறங்குகிற ஊரில் நெல் மில் எங்கே இருக்கும்? காத்ர் போர்ன் சந்தைவரை போய் விசாரித்தோம். சர்க்கரை ஆலை கேட்டால் இருக்கிறது என்றார்கள். ஆறு மாதம் தண்ணீருக்கு அலைந்தவர்களுக்கு இது ஒன்று தோன்றவே இல்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் தொழிற்சாலைப் பெண்கள் ஆறு பேர் அக்கா வீட்டு முற்றத்தில் கூடினார்கள். கையில் கிடைத்ததையெல்லாம் உரலாக்கினோம். மசாலா இடிக்கிற இரும்புக் கல்வம், மரக்கட்டை, சப்பாத்திக்கட்டை. முறத்தில் புடைக்க யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். மின்விசிறியின் முன்னால் மெதுவாகக் கொட்டினோம். உமி வீடெல்லாம் பறந்தது, தலையெல்லாம் உமி. சாயங்காலத்துக்குள் ஒரு படி நொய்யும் அரிசியும் தேறியது. பாதி சிவப்பு, பாதி உமியோடு.

மறுநாள் காலை பானை பொங்கும் நேரத்துக்குத் தம்பி வந்தார். சட்டைப்பையில் மடித்த பத்திரம் துருத்திக்கொண்டிருந்தது. வாழையிலையில் பொங்கலை வைத்தோம். வாயில் போட்டார், மென்றார், நின்றார், நாக்கிலிருந்து ஒரு உமியை எடுத்து இலையோரம் வைத்தார். அடுத்த வாய், இன்னொரு உமி. வரிசையாக ஏழெட்டு ஆயிற்று. இது அரிசியே இல்லை என்று கிரியோலில் சொன்னார். இதைப் பொங்கல் என்று சொல்ல முடியாது, ஆகவே பேச்சுப்படி போடு என்று பத்திரத்தை இலைக்குப் பக்கத்தில் விரித்துப் பேனாவைத் திறந்தார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். தம்பியிடம் அமைதியாகக் கிரியோலில் இரண்டு வாக்கியம் சொன்னார். அவர் முகம் சிவந்தது. வாசலில் தன் பங்குப் பொங்கலுக்காக நின்ற தக்காளிக்காரர், என்னிடம் சண்டை போட்டதைவிட உரக்க, தம்பியைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். 'திலோ' என்ற சொல் ஏழெட்டு முறை காதில் விழுந்தது. வீடு கட்டினால் அந்த நிலத்துத் தண்ணீர் முறை போய்விடும், அவர் இரண்டு வரிசை தக்காளியைக் காயவிட்டது வீடு கட்டவா என்று கேட்டாராம். தம்பி பத்திரத்தை மடித்தார்.

"நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க, அக்கா?" என்று கேட்டேன்.

"நெல் வராவிட்டாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் என்று சொன்னேன்."

"அடிப்பாவி! அப்புறம் எதுக்கு நான் ஆறு மாசம் சேத்துல நின்னேன்?"

அக்கா இலையோரத்தில் கிடந்த உமியை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் பொறுக்கிக்கொண்டார். "ஆடியில் அவன் இன்னும் ஒருமுறை வற்புறுத்திக் கேட்டிருந்தால் போட்டிருப்பேன், மதாம். அப்பொழுது அது எங்கள் அப்பாவின் நிலம் மட்டுமே" என்றார்.